செல்லப் பிராணிக்கு ஏற்ற மருத்துவர் யார்? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் உண்ணிக் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உண்ணியைப் பற்றியவையே அல்ல. எந்த மருத்துவரிடம் போவது, அவரை எப்படி நம்புவது, போன இடத்தில் இப்படி நடந்ததே அது சரிதானா என்பவைதான் பெரும்பாலானோரின் கேள்விகள். முப்பது ஆண்டுகள் மருத்துவராக மேசையின் மறுபக்கத்தில் நின்றவள் என்ற முறையில், சில கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் விடை எழுதுகிறேன். 'கால்நடை மருத்துவர்' என்பதே முறையான சொல் என்று சிலர் திருத்தியிருக்கிறார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்த பெயர் வரவேற்பறைப் பூனைக்குப் பொருந்தாதது போல் எனக்கு எப்போதும் தோன்றுவதால், விலங்கு மருத்துவர் என்றே எழுதி வருகிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகன் இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். எங்கள் தாமானை (குடியிருப்புப் பகுதியை)ச் சுற்றி மூன்று கிளினிக்குகள் இருக்கின்றன. ஒன்று பின்வரிசைக் கடைவீட்டில், வயதான மருத்துவர் ஒருவர் மட்டும் நடத்துவது. இன்னொன்று மூன்று மாடிக் கட்டடம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் உண்டு என்கிறார்கள். மூன்றாவதற்குக் கூகுளில் நட்சத்திரம் அதிகம். எங்கே போகலாம்? (வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு)

பதில்: மூன்றில் எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் குட்டி நலமாக இருக்கும்போதே இதைக் கேட்டீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பெரும்பாலானோர் நாய் இரத்தமாகக் கழியத் தொடங்கிய இரவில்தான் கைப்பேசியை எடுத்து மருத்துவரைத் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் தேர்வு என்று ஒன்று கிடையாது. யார் கதவைத் திறக்கிறாரோ அவரே மருத்துவர்.

உங்கள் குட்டிக்குத் தடுப்பூசி போட வேண்டிய வயது இதுதான். அந்த முதல் வருகையை நீங்கள் மருத்துவரைச் சோதிக்கும் வருகையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். குட்டியை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடல் வெப்பம் பார்க்க வேண்டும். உதட்டை விலக்கி ஈறின் நிறத்தையும், அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும். வயிற்றைத் தடவி, தொப்புளில் குடலிறக்கம் உண்டா, ஆண் குட்டியானால் விதைகள் இறங்கிவிட்டனவா என்றும் பார்க்க வேண்டும். பழகிய கைக்கு இத்தனையும் ஐந்து நிமிட வேலை. இவற்றில் எதையும் செய்யாமல், பேசிக்கொண்டே குட்டியின் கழுத்துத் தோலைப் பிடித்து ஊசியை ஏற்றிவிட்டுப் பணம் வாங்கும் இடம் எத்தனை மாடியாக இருந்தாலும் எனக்கு உவப்பில்லை. காய்ச்சலில் இருக்கும் குட்டிக்குத் தடுப்பூசி போடக் கூடாது என்பதால்தான் வெப்பமானியே அங்கே முதலில் வர வேண்டும். நாயின் இயல்பான வெப்பம் 38 டிகிரி செல்சியஸிலிருந்து 39 டிகிரிக்குச் சற்று மேல் வரை இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நம் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பதறிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

பிறகு, "இத்தனை ஊசி எதற்கு, டாக்டர்?" என்று நீங்கள் தெரியாதவர்போல் ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல விடை ஏறக்குறைய இப்படி இருக்கும்: பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரம் நிறைந்த பிறகு ஒன்றும் விழும்படி போட வேண்டும். தாயின் சீம்பாலிலிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் உடலில் இருக்கும்வரை அது தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுகிறது. ஆகவே ஒரே ஊசியை நம்பி இருக்க முடியாது. இந்தக் காரணத்தை அவர் தமிழில் சொல்கிறாரா, மலாயில் சொல்கிறாரா, கையால் படம் போட்டுக் காட்டுகிறாரா என்பது பெரிதல்ல. சொல்வதற்கு அவருக்கு மனம் இருக்கிறதா என்பதுதான் பெரிது.

உங்கள் ஊருக்கென்று இன்னும் இரண்டு ஊசிகளைப் பற்றியும் அவர் பேச வேண்டும். மலாயில் 'கெஞ்சிங் திக்குஸ்' என்று சொல்லப்படும் எலிச் சிறுநீர்க் காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ், வெள்ள நீரிலும் வாய்க்காலிலும் பரவக்கூடியது. நாயிடமிருந்து மனிதருக்கும் வரக்கூடியது. 2017 நவம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்த பினாங்கு மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த ஊசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று வெறிநோய்த் தடுப்பூசி. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநோய் தலைகாட்டியபோது தெருநாய்கள் பிடித்துக் கொல்லப்பட்டதைப் பினாங்குத் தீவு மறந்திருக்காது. இவற்றை உங்கள் குட்டிக்குப் போட வேண்டுமா, எப்போது போடலாம் என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர் தாமாகப் பேச்சை எடுத்தால், ஊரை அறிந்த மருத்துவர் என்று கொள்ளலாம்.

நட்சத்திரங்களைப் பற்றி ஒரு சொல். அவற்றைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் வரவேற்பறையின் குளிர்ச்சிக்கும், வாகனம் நிறுத்த இடம் கிடைத்ததற்கும், பணியாளரின் புன்னகைக்கும் போடுகிறார்கள். தையல் சரியாகப் போடப்பட்டதா என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அக்கம்பக்கத்தில் பத்து வருடமாக நாய் வளர்க்கும் ஒருவரைப் பிடித்து, "உங்கள் நாய்க்குக் கடினமான நோய் வந்தபோது அவர் என்ன செய்தார்?" என்று கேட்டால் அதைவிட நல்ல விடை கிடைக்கும்.

கடைவீட்டு மருத்துவரிடம் ஸ்கேன் இல்லை என்பதற்காக அவரைத் தள்ளிவிடாதீர்கள். "இதற்கு ஸ்கேன் வேண்டும், என்னிடம் இல்லை, இன்ன இடத்துக்கு எழுதித் தருகிறேன்" என்று சொல்லக்கூடியவர் என்றால் அவருடைய இரண்டு கைகளும் காதுமே குட்டியின் முதலாண்டுத் தேவைகளில் பெரும்பகுதிக்குப் போதும். மாலை ஐந்தரை மணிக்குத் தொழிற்சாலைகள் விடும் நேரத்தில் உங்கள் வட்டாரச் சாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூச்சுத் திணறும் நாயோடு அந்த நெரிசலில் நிற்பதைவிட, நடந்து போகும் தொலைவில் ஒருவர் இருப்பது மேல். என்னைக் கேட்டால் அன்றாடத்துக்கு அவர், பெரிய நோய்க்கு அந்த மூன்று மாடி என்று இரண்டையும் வைத்துக்கொள்வேன். அவர் அங்கே அனுப்பத் தயங்காதவர்தானா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பூனைக்குட்டி வாங்கிய கடையிலேயே ஊசி போட்டுத் தருகிறோம், மருத்துவரிடம் போவதைவிட மலிவு என்கிறார்கள். போடலாமா? (வாசகர், செலாயாங்)

பதில்: வேண்டாம். நம் நாட்டில் விலங்கு மருத்துவம் செய்ய 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழிற்சான்றிதழும் வேண்டும். கிளினிக்கின் சுவரில் அது சட்டமிட்டு மாட்டியிருக்கும். மாட்டவில்லை என்றால் பார்க்கலாமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். என்னிடம் அப்படிக் கேட்டவர்கள்மீது எனக்கு மரியாதைதான் கூடியது. தடுப்பூசி மருந்து குளிர்ப்பெட்டியில் இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். தீனி மூட்டைகளுக்கு நடுவே மேசைமேல் கிடந்த குப்பியில் இருப்பது மருந்தா வெறும் நீரா என்று யாருக்கும் தெரியாது. முறையாகப் போட்ட ஊசிக்குக் குப்பியின் ஒட்டுத்தாள் உங்கள் பூனையின் சிறு புத்தகத்தில் ஒட்டப்பட்டு, தேதியும் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். உங்களிடம் உள்ள புத்தகத்தில் அவை இல்லையென்றால் அந்த ஊசியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அடுத்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆண் பூனை இரண்டு நாள்களாக மணல்தட்டில் குந்திக் குந்தி முக்கிக்கொண்டிருந்தது. மலச்சிக்கல் என்று நினைத்தோம். வலியில் கத்தியதால் மாமியார் பாதி பனடோல் கொடுத்தார். இரவு பதினொரு மணிக்கு, 24 மணி நேரம் என்று பலகை வைத்த ஓர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் காலையில்தான் வருவார் என்று உதவியாளர் சொல்லிவிட்டார். விடிவதற்குள் பூனை போய்விட்டது. தவறு யாருடையது, டாக்டர் அம்மா? வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே சண்டையாகிறது. (வாசகி, செந்தூல்)

பதில்: உங்கள் மாமியாரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுவதாக இருந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: வலியில் துடித்த உயிரைப் பார்த்து ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தவர் அவர். பனடோலில் இருக்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு என்பது படித்தவர்கள் பலருக்கே தெரியாது. மனிதக் கல்லீரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. மிஞ்சிய நஞ்சு இரத்தத்தைப் பிராணவாயு சுமக்க முடியாததாக ஆக்கிவிடும், ஈறும் நாக்கும் பழுப்பாகும், முகம் வீங்கும். பாதி மாத்திரையே ஒரு பூனைக்கு மிகையானது.

ஆனால் நீங்கள் எழுதிய அறிகுறிகளைப் பார்த்தால், பூனை நோயில் விழுந்ததற்கு அது முதற்காரணமாகத் தெரியவில்லை. மணல்தட்டில் முக்கும் ஆண் பூனைக்குப் பெரும்பாலும் அடைபட்டிருப்பது சிறுநீர். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகியது. மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்திலேயே கூடி, ஓரிரு நாளில் இதயத்தை நிறுத்திவிடும். உலர்தீனி மட்டும் தின்று, குறைவாக நீர் குடித்து, வீட்டுக்குள்ளேயே கொழுத்திருக்கும் ஆண் பூனைகளுக்கு இது அதிகமாக வருகிறது. இன்னொரு பூனை வளர்க்கும்போது, தட்டில் சிறுநீர்க் கட்டிகள் எத்தனை சேர்கின்றன என்று தினமும் பாருங்கள். ஒருநாள் முழுவதும் ஒன்றுமில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

அந்தப் பலகையைப் பற்றித்தான் எனக்குக் கோபம். '24 மணி நேரம்' என்ற சொற்களுக்கு மூன்று பொருள்கள் உண்டு. மருத்துவர் இரவு முழுவதும் கட்டடத்துக்குள் விழித்திருக்கிறார் என்பது ஒன்று. வீட்டில் உறங்குகிறார், அழைத்தால் அரை மணியில் வருவார் என்பது இன்னொன்று. விளக்கு எரிகிறது, உதவியாளர் இருக்கிறார், விலங்குகளைக் கூண்டில் வைத்துக்கொள்வோம் என்பது மூன்றாவது. பலகையில் மூன்றும் ஒன்றுபோலத்தான் எழுதப்பட்டிருக்கும். எனவே மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போதே, பகல் வேளையில் தொலைபேசியில் அழைத்து, "இரவு இரண்டு மணிக்கு வந்தால் என் பூனையைத் தொட்டுப் பார்க்கப் போவது யார்?" என்று கேளுங்கள். உள்நோயாளியாகச் சேர்க்கும் விலங்கை இரவில் யார் கவனிக்கிறார் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். பல நல்ல கிளினிக்குகளில் இரவில் ஒருவரும் இருப்பதில்லை. அதை அவர்கள் மறைக்காமல் சொன்னால் குறையில்லை. இரவுக்கு வேறு எந்த இடத்தை நம்பலாம் என்று அவர்களிடமே கேட்டு எழுதி வாங்கி, குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

விடுமுறைக் காலத்தையும் மறந்துவிடக் கூடாது. சீனப் புத்தாண்டின்போது கோலாலம்பூரில் பல கிளினிக்குகள் தொடர்ந்து சில நாள்கள் மூடிக் கிடக்கும். தீபாவளி இரவில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு வேலியைத் தாண்டிக் காயம்பட்ட நாய்களை நான் எத்தனையோ தைத்திருக்கிறேன். அப்போதும் திறந்திருந்த இடங்கள் சிலவே. பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவில் பக்கம் கார் நகராது. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே, யார் திறந்திருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்வது நலம்.

கேள்வி: எங்கள் பூனையின் மூக்கில் புண். இரண்டு மாதத்தில் மூன்று மருத்துவர்களை மாற்றிவிட்டோம், ஆறவில்லை. முதலாமவர் கொடுத்த ஊசிக்குச் சற்று அடங்கி மறுபடி பெரிதாகிவிட்டது. நான்காவதாக யாரிடம் போவது? (வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: நான்காமவரைத் தேடுவதற்கு முன், மூன்று பேரில் யாராவது அந்தப் புண்ணின்மேல் கண்ணாடித் தகட்டை ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாரா என்று யோசித்துப் பாருங்கள். பார்த்தவர் எவரோ, அவரிடமே திரும்பிப் போங்கள். ஒருவரும் பார்க்கவில்லை என்றால், பார்க்கும் ஒருவரைத் தேடுங்கள்.

கடிதத்தை வைத்து நோயைச் சொல்வது முறையன்று. இருந்தாலும் நம் நாட்டில் வெளியே திரியும் பூனைகளுக்கு மூக்கிலும் காதிலும் கால்விரலிலும் ஆறாத புண் வந்தால், ஸ்போரோட்ரைகோசிஸ் என்னும் பூஞ்சைத்தொற்றை மருத்துவர் முதலில் நினைக்க வேண்டும். வீக்கம் குறைவதற்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி இந்தப் பூஞ்சைக்கு வசதி செய்து கொடுக்கும். சற்று அடங்கிப் பிறகு பெரிதானது என்று நீங்கள் எழுதியது எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது; போட்ட ஊசி என்ன என்று முதலாமவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இதற்கு இட்ராகொனசோல் என்னும் மருந்தை மாதக்கணக்கில், புண் ஆறிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் வரை, தவறாமல் கொடுக்க வேண்டும். மூன்று வாரத்தில் பொறுமை இழந்து மருத்துவரை மாற்றினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கியதாகும். பணமும் போகும், பூனையும் போகும்.

இந்தப் பூஞ்சை கீறல், கடி வழியாக மனிதருக்கும் தொற்றும். "உங்கள் கையைக் காட்டுங்கள், வீட்டில் யாருக்காவது புண் இருக்கிறதா?" என்று உங்களைக் கேட்டவர் அந்த மூவரில் உண்டா? உண்டென்றால், எனக்கு இருக்கும் முதல் ஐயம்தான் அவருக்கும் வந்திருக்கிறது. கையுறை இல்லாமல் அந்தப் புண்ணைத் தொடாதீர்கள். உங்களுக்கே கீறல் இருந்தால் மனித மருத்துவரிடம் போய், பூனையின் புண்ணைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். நாயின் கருப்பையில் சீழ் என்று அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பிழைத்தது, நன்றி. ஆனால் கட்டணத் தாளைப் பார்த்தபோது எனக்கே மயக்கம் வந்தது. முன்கூட்டியே விலை கேட்டால் உயிருக்கு விலை பேசுகிறான் என்று நினைப்பார்களோ என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாமா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: கேட்டிருக்க வேண்டும், ஐயா. கேட்காமல் விட்டது உங்கள் பண்பு. கேட்பதற்கு முன்பே அவர்கள் சொல்லாமல் விட்டது அவர்கள் குறை. அறுவைக்கோ உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கோ முன்னால், குறைந்தது இவ்வளவு, சிக்கல் வந்தால் இவ்வளவு வரை போகலாம் என்று இரண்டு தொகைகளை எழுத்தில் தருவது நல்ல கிளினிக்கின் வழக்கம். இடையில் அந்த மேல்வரம்பைத் தாண்டும் நிலை வந்தால் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும் என்று நீங்களும் சொல்லி வைக்கலாம்.

தாளில் இருந்த தொகை நியாயமா என்று நான் சொல்லத் துணியவில்லை, ஏனென்றால் அந்த அறுவைக்குள் என்னென்ன அடங்கியது என்பதில்தான் விலை இருக்கிறது. மலிவாகச் சொல்லும் இடத்தில் மயக்க மருந்துக்கு முன் இரத்தப் பரிசோதனை உண்டா, நரம்பில் நீர் ஏற்றுகிறார்களா, மூச்சுக்குழாய்க்குள் குழல் வைக்கிறார்களா, அறுக்கிறவரைத் தவிர மூச்சையும் நாடியையும் கவனிக்கத் தனியே ஒருவர் நிற்கிறாரா, வலிமருந்தும் கணக்கில் சேர்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஷீட்சு, பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கத்தின்போதும், மயக்கம் தெளியும்போதும் மூச்சடைக்கும் ஆபத்து அதிகம் என்பதால், அவற்றை வளர்ப்பவர்கள் இந்தக் கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். என் தொழிலின் தொடக்கக் காலத்தில் நான் உதவியாளராக இருந்த ஓர் இடத்தில் வலிமருந்தைக் 'கூடுதல் சேவை' என்று தனியே விற்றார்கள். பணம் கட்டாதவரின் பூனை வயிற்றில் தையலோடு சும்மா படுத்திருந்தது. மூன்றாம் மாதமே அங்கிருந்து விலகினேன்.

செலவைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு. அது நோய் வருமுன் செய்ய வேண்டியது. உங்கள் நாய்க்கு இளமையில் கருத்தடை செய்திருந்தால் கருப்பைச் சீழ் வந்தே இருக்காது. பினாங்கில் ஜெலுத்தோங்கிலும், தலைநகருக்கு அருகே அம்பாங்கிலும் இருக்கும் எஸ்.பி.சி.ஏ. என்னும் விலங்குவதைத் தடுப்பு அமைப்புகள் கருத்தடைப் பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கின்றன. மாநிலக் கால்நடை சேவைத் துறையின் மருத்துவமனைகளில் கட்டணம் தனியார் இடங்களைவிடக் குறைவு. காத்திருக்கத்தான் வேண்டும். பணமில்லை என்பதற்காக நோயுற்ற விலங்கை அப்படியே விட்டுவிடவும் முடியாது. 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் விலங்கைக் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. ஆகவே உங்கள் நிலையை மருத்துவரிடம் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே நாளில் செய்யத்தான் வேண்டும் என்பதில்லை. எது இன்றே தேவை, எது காத்திருக்கும் என்று வரிசைப்படுத்திச் சொல்லத் தெரிந்தவரே உங்களுக்கான மருத்துவர்.

கேள்வி: நான் படிவம் மூன்றில் படிக்கிறேன். என் முயல் நேற்றிரவிலிருந்து சாப்பிடவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் முயல் பார்ப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள்? (மாணவி, செராஸ்)

பதில்: உன் கடிதம் என் கையில் கிடைத்த அன்றே ஆசிரியர் குழு உன்னைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டது, மகளே, முயல் இப்போது புல் தின்கிறது என்று அறிந்து மகிழ்ந்தேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்படிச் சொல்லி அனுப்பியவரைக் குறை சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்றாரே, அது அரிய குணம். யாரிடம் போகலாம் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். முயல் சின்ன நாயுமல்ல, காது நீண்ட பூனையுமல்ல. நாய்க்கு வாய்வழி கொடுக்கும் அமாக்ஸிசிலின், முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று அதன் உயிரையே எடுக்கும். நாயின் உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது. அரை நாள் தின்னாத முயலுக்குக் குடல் நின்றுவிடும் என்பதால் அது அவசர நோயாளி. முயல் பார்ப்போம் என்று சொல்லும் இடத்தைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது: "அறுவைக்கு முதல்நாள் இரவு பட்டினி போட வேண்டுமா?" என்று கேள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி அதற்குக் கேடு. போட வேண்டும் என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடு.

கேள்வி: எங்கள் நாய்க்குப் பதினான்கு வயது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று சொல்லி, ஊசி போட்டு நிரந்தரமாக உறங்க வைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். பாட்டிக்குத் தமிழும் கொஞ்சம் மலாயும்தான் தெரியும். மருத்துவர் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னதை நான் பாட்டியிடம் சொல்லவே இல்லை. இன்னொரு மருத்துவரிடம் காட்டினால் இவர் வருத்தப்படுவாரா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: வருத்தப்படமாட்டார், வருத்தப்பட்டால் அவரிடம் அதுவரை போனதே தவறு. இரத்தப் பரிசோதனை முடிவுகளின் நகலும் எக்ஸ்ரே படங்களும் வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலானோர் மறுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு இரண்டாமவரிடம் போனால் நாய்க்கு மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது. உயர்நிலைச் சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டு என்று தோன்றினால், கோலாலம்பூருக்கு அருகே செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லலாம். நான் படித்தபோது அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் 'பெர்த்தானியான்', அதாவது வேளாண் பல்கலைக்கழகம், என்று பெயர். ஆனால் பாலத்தைத் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போவதுபோல் அல்ல இது; பதினான்கு வயது நாயை நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் கொண்டுபோவதற்கு யோசிக்க வேண்டும். சிறுநீரகம் முற்றிலும் கெட்டிருந்தால் அங்கேயும் அதே விடைதான் கிடைக்கும்.

இரண்டு மருத்துவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இது உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" எண்களைச் சொல்லி நழுவாமல் அதற்கு நேராக விடை சொல்கிறவரின் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். தானாக எழுந்து நிற்கிறதா, விருப்பமான உணவை முகர்ந்தாவது பார்க்கிறதா, பாட்டி கூப்பிட்டால் வாலை அசைக்கிறதா என்று ஒரு வாரம் தினமும் குறித்து வையுங்கள். நல்ல நாள்களைவிடக் கெட்ட நாள்கள் கூடிவிட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பாட்டியிடம் மறைக்க வேண்டாம். பதினான்கு வருடம் சோறு வைத்தவர் அவர். நாயின் நிலை உங்களைவிட அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பது என் அனுபவம். தமிழ் பேசும் மருத்துவரோ உதவியாளரோ உங்கள் பக்கத்தில் இருந்தால் அவரை வைத்துப் பாட்டியிடம் நேரில் பேசச் சொல்லுங்கள். முடிவெடுத்தால் வீட்டுக்கு வந்து செய்வாரா என்றும் கேளுங்கள், சிலர் வருகிறார்கள். முதலில் மயக்க ஊசி போட்டு, நாய் நன்றாகக் கண்ணயர்ந்த பிறகே இரண்டாவது ஊசியைப் போடச் சொல்லுங்கள். உடலை எடுத்துப்போக ஏற்பாடு வேண்டுமா, வீட்டிலேயே புதைப்பதா என்பதையும் முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள், அன்றைக்கு அதைப் பேச யாருக்கும் வாய் வராது.